காசிமேட்டு உப்புக் காற்றில் மூன்று வருஷம்: டிடி-830டி மல்டிமீட்டர்

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் கருவி மல்டிமீட்டர்; பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் மூன்று வருஷம் புழங்கிய மீட்டர் இது. ஓம் விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு வரைக்கும் தாராளமாகப் போதும். மீட்டர் சீக்கிரம் கெடுவதில்லை. உள்ளே ஃபியூஸும் வெளியே முதலைக் கிளிப்பும்தான் அடிக்கடி போகும்.

ஃபியூஸ் போவது பெரும்பாலும் ஒரே தப்பால். நாப் (நடுவில் இருக்கும் திருகு) 200 மில்லி ஆம்பியரில் நிற்கும்போதே பேட்டரியின் இரண்டு முனையிலும் கம்பியை வைத்துவிடுவார்கள். வோல்ட் நிலையில் மீட்டரின் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம்; மில்லி ஆம்பியர் நிலையில் ஏறக்குறைய 1 ஓம்தான். பேட்டரியைப் பொறுத்தவரை அது வெறும் கம்பி. ஃபியூஸ் போன பிறகும் வோல்ட் ஒழுங்காகக் காட்டும், மில்லி ஆம்பியர் மட்டும் 0. பிள்ளைகளோ சுற்றைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய ஃபியூஸில் எழுதியிருக்கும் அளவையே பார்த்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் நாலைந்து சேர்த்து வாங்கி வைப்பது நல்லது. ஃபியூஸுக்குப் பதில் வெள்ளித்தாள் சுற்றுகிற வேலை வேண்டாம். அடுத்த முறை போர்டே கருகும்.

இரண்டு ஏஏ செல் சேர்ந்து 3.1 வோல்ட் என்றால், 100 ஓம் மின்தடையில் (பட்டைகள் பழுப்பு, கருப்பு, பழுப்பு, பொன்) 31 மில்லி ஆம்பியரை ஒட்டி வரும். அதே மாதிரி இரண்டு மின்தடையைத் தொடராகப் போட்டால் பாதி, பக்கமாகப் போட்டால் இரண்டு மடங்கு. பொன் பட்டை என்றால் 5 சதவீதம் முன்பின் இருக்கும்.

22 ஓம் மாட்டும்போதுதான் சுவாரசியம். கணக்குப்படி 141 வர வேண்டும், மீட்டர் 130 பக்கம் நிற்கும். உடனே நோட்டில் கணக்கை அடித்துவிடுகிறார்கள். கணக்கில் தப்பில்லை. மீட்டரின் 1 ஓமும் செல்களின் அகமின்தடையும் (செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை) சுற்றுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. 100 ஓமில் கண்ணில் படாதது 22-இல் பளிச்சென்று தெரிகிறது. இந்த ஒரு சோதனைக்காகவே மீட்டர் வாங்கலாம்.

2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் டார்ச் பல்புக்கு 200 மில்லி நிலை தாங்காது. சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும். அங்கே ஃபியூஸ் கிடையாது, அளவைப் பார்த்ததும் கம்பியை எடுத்துவிடவும். அணைந்திருக்கும் பல்பை ஓமில் அளந்தால் 1 ஓம் பக்கம்தான் காட்டும்; எரியும்போது கணக்கு 8.3. இழை சூடாகும்போது மின்தடை ஏறுகிறது. வீட்டு பிளக் பக்கம் மட்டும் பிள்ளைகள் இதைக் கொண்டுபோகக் கூடாது.

கடல் காற்றில் கிளிப்பின் பல் சீக்கிரம் துருப்பிடிக்கும். 200 ஓமில் வைத்து இரண்டு கிளிப்பையும் கவ்வவிட்டால் 1 ஓமுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். மூன்று, நாலு என்று ஆடினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும். உப்புக்கு உப்புத்தாள்தான் மருந்து.

தானாக அணையும் வசதி இதில் இல்லை, ராத்திரி ஆஃப் செய்ய மறந்தால் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும். இறங்கிய பேட்டரி அளவைக் கூட்டிக் காட்டும். புது ஏஏ செல் 1.8 வோல்ட் என்று காட்டினால், மாற்ற வேண்டியது மீட்டரின் பேட்டரி.