ரங்கனதிட்டு 'தனிப்படகு'க்கு இங்கிருந்தே பணம் கட்டிவிடாதீர்கள்

சிங்கப்பூர்த் தேசிய தின நீண்ட வாரயிறுதிக்குக் குடும்பத்தோடு மைசூர் போய்வந்தோம். அரண்மனை, மிருகக்காட்சிசாலை எல்லாம் சரியாகத்தான் போனது. காவிரிக்கு நடுவே இருக்கும் ரங்கனதிட்டுப் பறவைத் தீவுகளுக்காகக் கட்டிய 260 வெள்ளிதான் ஆற்றோடு போனது. தேக்கா பக்கம் யாரிடமாவது இதே பயணத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தால், படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

என்னிடம் பணம் வாங்கியவர், கைத்தொலைபேசிக் கடைக்குள் ஒரு மேசை போட்டுப் பயண ஏற்பாடு செய்பவர். தெரிந்தவர் சொல்லித்தான் போனேன். "அக்கா, ஆகஸ்ட்தான் சீசன். தனிப்படகு, வனத்துறை பர்மிட் எல்லாம் நானே எடுத்துடுறேன். மதியச் சாப்பாடு தீவுலயே, மரத்தடியில." ஐந்து பேருக்கு 260. பணம் அனுப்பக் கொடுத்த பேநவ் எண் கடையின் பெயரில் இல்லை, அவருடைய சொந்த எண். அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஹோட்டலைப் பற்றி யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டு இரவு உட்கார்ந்து படித்த நான், ஆற்றைப் பற்றி ஒரு வரி தேடவில்லை.

போய் இறங்கினால் படகுத்துறையில் குறுக்கே கயிறு. படகுகளெல்லாம் கரையில் கட்டிக்கிடந்தன. மேலே கே.ஆர்.எஸ். அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். காவிரி தே தாரிக் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓட, நடுவில் சில மரங்களின் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "தீவு எங்கம்மா?" என்றாள் மகள்.

கைப்பேசியில் பர்மிட்டைக் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் அதிலிருந்த முத்திரையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். டிரைவர்தான் கன்னடத்திலிருந்து சொன்னார்: இது எங்களுடையது இல்லை, படகுக்கு இங்கேயே சீட்டு வாங்கலாம், வெளிநாட்டுக் கடப்பிதழ் என்றால் கட்டணமே வேறு. தீவில் சாப்பாடு என்றதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தத் திட்டுகளில் யாரையும் இறக்குவதே இல்லையாம். படகு சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும், அவ்வளவுதான். மரங்களில் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடு கட்டுகின்றன, பாறைகளில் முதலைகள் வெயில் காய்கின்றன. 1940இல், பறவையியலாளர் சாலிம் அலி சொன்னதை ஏற்று மைசூர் மன்னர் சரணாலயமாக்கிய இடம் அது. மரத்தடியில் பிரியாணி சாப்பிட யார் விடுவார்கள்?

ஆகஸ்ட் சீசன் என்பதும் பொய். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரிலிருந்து ஜூன் வரைதான். அப்புறம் மழை பிடித்து, அணையைத் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குப் போயிருக்கலாம்.

எனக்கு எரிச்சலே வேறு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் மாமியார் ஆடிப்பெருக்கு என்று எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் கிளறினார். காவிரி பெருகுகிறது என்று வீட்டில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அதே வாரம் அதே காவிரியில் படகு ஏறப் பணம் கட்டியிருக்கிறேன்!

திரும்பி வந்து அந்த மேசைக்காரரிடம் கேட்டால், "மழைக்கு நான் என்னக்கா பண்ண?" என்கிறார். மழைக்கு நான் காசு கேட்கவில்லை, போலிப் பர்மிட்டுக்குக் கேட்கிறேன். பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலில் தேடினேன். அவர் பெயரும் இல்லை, கடையின் பெயரும் இல்லை. இரண்டு நிமிட வேலை, முன்பே செய்திருக்கலாம்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் போட்டிருக்கிறேன். 5,000 வெள்ளிக்கு மேற்போகாத தொகை என்றால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. வாட்ஸ்அப் உரையாடல், பேநவ் ரசீது, அந்தப் 'பர்மிட்' மூன்றையும் சேர்த்துவிட்டேன். நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

நேற்று அவரிடமிருந்து 60 வெள்ளி வந்தது. கூடவே "கணக்கு முடிஞ்சதுக்கா" என்று ஒரு கும்பிடு. இன்னும் 200 வெள்ளி இருக்கிறது தம்பி என்று பதில் போட்டிருக்கிறேன்.