குலசேகரம் வழியில் ஓர் உரக்கடை: எந்த நுண்ணுயிர் என்று பெயர் சொல்லி விற்கிறார்கள்

திருவட்டாரில் இருந்து குலசேகரம் போகிற வழியில் இருக்கிற இந்த உரக்கடையைப் பற்றிக் கண்டிப்பாக எழுத வேண்டும், ஏனென்றால் இப்போது நம்ம மாவட்டத்தில் எந்தக் கடையில் போய் வாழைக்கு ஏதோ வந்திருக்கிறது என்று சொன்னாலும் "நுண்ணுயிர் ஊத்துங்க, எல்லாம் சரியாயிரும்" என்று ஒரு கேனை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். வேறோர் இடத்தில் நான் வாங்கிய கேனில் 'நுண்ணுயிர்க் கரைசல்' என்று மட்டும்தான் அச்சடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, எப்போது தயாரித்தது, ஒன்றும் கிடையாது.

பாக்டீரியா, பூஞ்சை, ஒரு செல் பாசி, அமீபா, சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் உண்டாக்குகிற ஆர்க்கியா என்று மைக்ரோஸ்கோப் இல்லாமல் பார்க்க முடியாத அத்தனைக்கும் பொதுப்பெயர்தான் நுண்ணுயிர். வைரஸைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் பாடப்புத்தகங்களே ஒன்றுபோலச் சொல்வதில்லை. அதற்குச் செல் கிடையாது, இன்னோர் உயிரின் செல்லுக்குள் போனால்தான் பெருகும். வாழைக்கு வாடல் நோய் கொண்டுவருகிற ஃபியூசேரியமும் நுண்ணுயிர், அதை அடக்கப் போடுகிற டிரைக்கோடெர்மாவும் நுண்ணுயிர், இரண்டுமே பூஞ்சை. அப்புறம் வெறுமனே நுண்ணுயிர் என்று எழுதி விற்றால் வாங்குகிறவர் எதை நம்பி வாங்குவது?

இந்தக் கடையில் இருக்கிற அக்கா முதலில் கேட்டது படம் இருக்கிறதா என்று. ஏத்தன் வாழை ஒன்றில் குருத்து இலைகள் சிறுத்து, நுனியில் கொத்தாக நிமிர்ந்து நின்றதை போனில் காட்டினேன். "மக்களே, இது முடிக்கொத்து. வைரஸ். இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. முதல்ல வாழையில இருக்கிற அசுவினிப் பேனுக்கு மருந்தடிச்சிட்டு, பொறவு கிழங்கோட தோண்டி எடுத்துருங்க, இல்லேன்னா பேன் மத்த வாழைக்கும் கொண்டு போயிரும்" என்றார். எதையாவது என் தலையில் கட்டி அனுப்பியிருக்கலாம், செய்யவில்லை. எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அங்கேதான்.

ரசகதலி வாழைக்கு வாடல் வராமல் இருக்க டிரைக்கோடெர்மா ஒரு கிலோ வாங்கினேன், 180 ரூபாய். பாக்கெட்டில் இனத்தின் பெயர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் என்று உயிருள்ள எண்ணிக்கை எல்லாம் தெளிவாக இருந்தது. பணம் வாங்கும் முன்னால் பக்கத்தில் ரப்பருக்கு போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) அடித்தார்களா என்றும் விசாரித்தார். மழைக்கு முன்னால் இந்தப் பக்கம் எல்லாரும் அடிப்பதுதான். பூஞ்சையைக் கொல்லத்தான் துத்தம் போடுகிறோம், அது நல்ல பூஞ்சை கெட்ட பூஞ்சை என்று பார்க்காது, அதனால் அந்தத் தண்ணீர் விழுகிற இடத்தில் இதைப் போட்டால் காசு வீண். இந்த ஒரு கேள்வியை வேறு எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மக்கிய சாணத்தோடு கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி வைக்கச் சொன்னார். சில நாளில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் மேலே வெள்ளை நூல் படர்ந்து, அதன்மேல் அங்கங்கே பச்சைப் பொடி பூத்திருந்தது. பாக்கெட்டில் இருந்தது உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். வாடல் நிற்கிறதா என்பது குலை தள்ளுகிற சமயத்தில்தான் தெரியும், அதை இப்போதே சொல்ல மாட்டேன்.

குறையும் உண்டு. சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் திரவப் பாட்டில்களை மத்தியான வெயில் நேராக அடிக்கிற முன் தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். சூட்டில் பாக்டீரியா செத்துவிடும், பாட்டிலில் என்ன தேதி இருந்தாலும் சரி. சொன்னேன், உள்ளே மாற்றுவதாகச் சொன்னார். நீங்கள் திரவம் வாங்கப் போனால் உள் அலமாரியில் இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். நாலைந்து வாழை வைத்திருக்கிறவர்களுக்குக் கால் கிலோ பாக்கெட் இல்லை, ஒரு கிலோதான். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது.