பாட்டு, கவிதை, இசை விமர்சனம்: நாளைப் பிரிப்பதா, மாதத்தைப் பிரிப்பதா?

மெட்டுக்குப் பாட்டு, கவிதை, இசை விமர்சனம் மூன்றையும் தனி ஆளாக எழுதுகிறவர்களுக்கு நடைமுறையில் இரண்டு வழிகள் உண்டு. காலையில் கவிதை, பகலில் விமர்சனம், இரவில் பாட்டு என்று நாளைப் பிரிக்கலாம். இல்லையென்றால் இரண்டு மாதம் பாட்டு மட்டும், அடுத்து விமர்சனம் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

நாளைப் பிரித்தால் கை ஓயாது, விமர்சனத்துக்கான சன்மானமும் தவறாமல் வரும். கவிதையும் பாட்டும் ஒரே நாளில் நன்றாகவே ஒத்துப்போகின்றன. ஒருநாள் காலையில் எழுதிய கவிதை வரி ‘நிலவு’ என்று முடிந்தது. இரவு அதை மெட்டில் உட்காரவைத்தால், கடைசி ஸ்வரம் நான்கு அட்சரம், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, நீள்கிறது. ‘வு’வை இழுக்க இழுக்க உதடு குவிந்து குரல் உள்ளேயே அடங்கிப்போனது. ‘நிலா’ என்று மாற்றினேன். வாய் திறந்தது, குரல் வெளியே வந்தது. கவிதையில் மட்டும் ‘நிலவு’தான். அங்கே அந்த அடக்கம்தான் அழகு.

விமர்சனம் நடுவே வந்தால்தான் சிக்கல். பகலில் யாரோ ஒருவருடைய சரணத்தைப் பற்றி ‘சொற்கள் மெட்டை மீறித் துருத்துகின்றன’ என்று எழுதிவிட்டு, இரவு தத்தகாரத்தை (சொற்களுக்குப் பதில் ‘தன தானா’ என்று பாடிய மெட்டை) கேட்டபடி உட்கார்ந்தால், என் முதல் வரி தாளுக்கு வருமுன்பே அதே வாக்கியம் அதை அடித்துவிடுகிறது. பாட்டின் முதல் வரைவு அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளும் காது வேண்டும். விமர்சகரின் காது பொறுக்காது. விமர்சனத்துக்கும் இது கேடுதான். அந்தக் கலைஞர் என்ன செய்திருக்கிறார் என்று கேட்பதை விட்டுவிட்டு, நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றே மனம் ஓடும்.

காலத்தைப் பிரிப்பதற்கு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் நல்ல சாட்சி. 1834இல் இசைப் பத்திரிகை தொடங்கிச் சுமார் பத்தாண்டு நடத்தியவர். 1840இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார்; 1841இல் சிம்பொனியில் இறங்கினார். அப்போதும் பத்திரிகை அவர் கையில்தான் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த வழியில் நட்டமும் உண்டு: புதிய வெளியீடுகள் கடந்துபோகும், பாட்டுக்கான உரிமைத்தொகையோ மெதுவாகத்தான் வரும்.

விமர்சனத்தை மட்டும் புனைபெயரில் எழுதி ஒதுங்கலாமா? எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் இசை விமர்சனம் எழுதினார். 1945இல் வெளிவந்த ‘மீரா’ படத்துக்குப் பாடல்களும் எழுதினார். என்னைக் கேட்டால், புனைபெயர் வாசகரிடம்தான் மறைக்கும், நம் காதிடம் மறைக்காது. கூட வேலை செய்தவர்களைப் பற்றி எழுதுவதில்லை என்ற கட்டுப்பாடு அதைவிடப் பயன்படுகிறது.

ஆக, என் தேர்வு மாதத்தைப் பிரிப்பதுதான், ஒரு திருத்தத்தோடு. கவிதைக்குக் காலம் வகுக்கவில்லை. மெட்டு கையில் இருக்கும் வாரங்களில், கேட்கிற ஆல்பங்களுக்குக் குறிப்பு மட்டும் எடுக்கிறேன்: எந்த இடத்தில் தாளம் மாறியது, எந்தச் சொல் காதில் விழவில்லை. பாட்டை ஒப்படைத்து ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கிறேன்.