கம்பிக் காயத்துக்கு எந்தக் கட்டு?

பினாங்கில் மோட்டார்சைக்கிள் விபத்தில் கால் முறிந்த என் தம்பிக்கு, எலும்பை நிலைநிறுத்த வெளிச்சட்டம் பொருத்தினார்கள்: எலும்பில் செருகிய கம்பிகளைக் காலுக்கு வெளியே பிடித்துநிற்கும் சட்டம். கம்பி தோலைத் துளைக்கும் இடமே கிருமிக்கு வாசல். பெரும்பாலும் அது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா.

உப்புநீரும் காஸ் துணியும் மலிவு. தினமும் காயத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் துணி வியர்வையில் ஊறிவிடுகிறது. காய்ந்து ஒட்டிய நூலைப் பிரிக்கும்போது அவன் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்க்க முடியவில்லை.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி ஊட்டிய நுரைவட்டு விலை கூடுதல். ஏழு நாள் வரை கிருமியை அடக்கும். கம்பியைச் சுற்றித் தோல் அசைவதையும் குறைக்கும். நனைந்தால் மட்டும் உடனே மாற்ற வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு எந்த முறையையும் சிறந்ததென உறுதிசெய்யவில்லை. இருந்தும் என் தேர்வு நுரைவட்டுதான். சிவப்பு, சீழ், கூடும் வலி தெரிந்தால் எந்தக் கட்டானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.