றைஸ் குக்கரா, சின்னக் காஸ் அடுப்பா? திருகோணமலைப் போர்டிங் அறைக்கு எது தோது

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வருகிற பிள்ளைகள் அறை பிடித்த கையோடு யோசிக்கிற விஷயம் சாப்பாடுதான். நிலாவெளி வீதிப் பக்கம் இருந்தாலும் சரி, டவுனுக்குள் உவர்மலையில் இருந்தாலும் சரி, கடைசியில் கேள்வி இரண்டு பொருளில் வந்து நிற்கும்: ஒரு றைஸ் குக்கர், அல்லது ஒற்றை அடுப்போடு ஒரு சின்னக் காஸ் சிலிண்டர். நான் எடுத்தது குக்கர். அதனால் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன். என்னோடு அறையில் இருந்த அண்ணா காஸ் வைத்திருந்தார் என்பதால் அதன் நல்லது கெட்டதும் ஓரளவு தெரியும்.

கடைப் பார்சலை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ருசி உண்டு, சட்டி கழுவும் வேலை இல்லை, பரீட்சைக் காலத்தில் அதுதான் கதி. ஆனால் ஒரு மத்தியானப் பார்சலின் காசில் ஒரு கிலோ நாட்டரிசி வாங்கலாம். ஓர் ஆளுக்கு அது மூன்று நாலு நாள் சோறு. மூன்று நேரமும் கடை என்று இருந்தால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போன் எடுக்கத்தான் வேண்டி வரும்.

சமையல் என்று பார்த்தால் காஸ்தான் மேல், அதில் வாதமே இல்லை. தாளிக்கலாம், பொரிக்கலாம், றொட்டி சுடலாம். சந்தையில் சூடை மீன் மலிந்த நாளில் மண்சட்டியில் புளி விட்டு ஒரு குழம்பு வைத்தால் நாலு பேர் தட்டோடு வந்துவிடுவார்கள். குக்கரில் மீன் காய்ச்சினால் வெடில் சட்டியில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த நாள் சோற்றிலும் மணக்கும். திருகோணமலையில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் சாப்பிடுவது எவ்வளவு கொடுமை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் காஸ் எப்போது முடியும் என்று சிலிண்டர் சொல்லாது. சுடுதண்ணீரை மேலிருந்து ஊற்றிவிட்டுக் கையால் தடவிப் பார்த்தால், சட்டென்று குளிரத் தொடங்குகிற இடம் வரைக்கும் காஸ் இருக்கிறது என்று அர்த்தம். இந்த வித்தை தெரியாதவர்கள் பாதி வெந்த பருப்போடு முழிப்பார்கள். 2.3 கிலோச் சிலிண்டர் தூக்க லேசு, ஆனால் கெதியில் முடிந்துவிடும். 5 கிலோ என்றால் ஓட்டோ பிடிக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் இன்னொரு தொல்லை: ஜன்னலைத் திறந்தால் அடுப்பு அணையும், மூடினால் ஆள் அவிந்துபோவார். அதைவிடப் பெரிய தடை வீட்டுக்காரர்தான். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புச் செய்திகள் வந்ததில் இருந்து, படுக்கிற அறைக்குள் சிலிண்டர் வைக்க விடாதவர்கள் நிறையப் பேர். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

குக்கரின் அருமை அது தானாக நிற்பதில் இருக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 பாகையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் சூடு ஏறும். அடியில் இருக்கிற காந்தம் அந்தச் சூட்டில் பிடியை விட, சுவிட்ச் டக்கென்று மேலே வரும். அதற்குள் குளித்து, உடுப்புத் தோய்த்து, நோட்ஸும் பார்த்துவிடலாம். காஸுக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

நான் அடிக்கடி செய்வது இதுதான். குக்கரோடு வருகிற கப்பால் ஒரு கப் நாட்டரிசி, கால் கப் மைசூர்ப் பருப்பு. இரண்டையும் கழுவி, இரண்டரைக் கப் தண்ணீர் விட்டு, உள்ளி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், உப்பு, ஒரு சொட்டு எண்ணெய். மைசூர்ப் பருப்புக்கு ஊறப்போடும் வேலை இல்லை, சோற்றோடு சேர்ந்து வெந்துவிடும். எண்ணெய் எதற்கென்றால், பருப்பு நுரைத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. மேலே ஆவித்தட்டில் கழுவிய முட்டை ஒன்று, நறுக்கிய போஞ்சி ஒரு பிடி. சுவிட்ச் மேலே வந்ததும் தேங்காய்ப்பால் மாவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் மூடிவிட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல், தேசிக்காய்.

இனி உண்மையான சிக்கல், கரண்ட் பில். குக்கரா காஸா என்பதைத் தீர்மானிப்பது சமையலே இல்லை, இதுதான். குக்கர் வாங்கிய அன்றே வீட்டுக்கார அன்ரி சொன்னது: "தம்பி, உதுக்குக் கரண்டுக்கு வேறையாக் காசு தரோணும்." எவ்வளவு என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் இருந்து கணக்குப் பார்த்தோம். குக்கரின் அடியில் 400 வாட் என்று போட்டிருக்கும். ஒருமுறை சமைக்க அரை மணித்தியாலம், அதாவது 0.2 அலகு. காலையும் இரவும் சமைத்தால் 0.4, மாதத்துக்கு 12 அலகு. அறையில் ஓடுகிற 60 வாட் ஃபேன் ஓர் இரவில் பத்து மணித்தியாலம் சுழன்றால் 0.6 அலகு. அந்த ஃபேனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஏனென்றால் அது சமைப்பதில்லை!

ஆனாலும் அன்ரியின் கவலையைச் சும்மா தள்ளவும் முடியாது. நம் நாட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதலாம் அலகில் இருந்தே வேறு விலை. மேலே போகப்போக அலகின் விலையும் ஏறும், மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். வீட்டு மீற்றர் ஒரு படியின் விளிம்பில் நின்றால் நம் 12 அலகு அதை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். நாலு அறையிலும் நாலு குக்கர் என்றால் நிச்சயம் தள்ளும். ஆகவே வாடகை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். பழைய பில் ஒன்றைக் காட்டச் சொல்லி, வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்த விலைக்கு 12 அலகைப் பெருக்கி ஒரு தொகை சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அறைக்கென்று தனியாகச் சப் மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. "ரூமுக்கு இவ்வளவு" என்று கண்மூடித்தனமாகக் கேட்கிற வீடு என்றால் காஸே லாபமாகவும் இருக்கலாம். வார்ம் சுவிட்சில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகிற பழக்கம் வேண்டாம், கொஞ்சமானாலும் கரண்ட் இழுக்கும், சோறும் காய்ந்து பொருக்காகிவிடும்.

கரண்டே இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள், குக்கர் வைத்திருந்தவர்கள் பட்டினி. அதே ஆண்டுதான் காஸ் சிலிண்டர்களும் வீதியோரம் வரிசையில் கிடந்தன. அந்த ஆண்டை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஃபிரிட்ஜ் இல்லாத அறைக்கு இன்னொரு விஷயம். இந்த வெக்கையில் தேங்காய்ப்பால் விட்ட கறி காலையில் வைத்தால் பின்னேரமே புளிக்கும், தேங்காய்ச் சம்பலும் அப்படித்தான். பால் விட்டதை ஒரு நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள். ஒரு கப் அளவில் சமைக்கக் குக்கர் தோதானது என்பதால் மிச்சம் வருவதும் குறைவு. மிஞ்சிய வெறுஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் கிண்ணியாத் தயிரும் போட்டுப் பிசைந்து பழஞ்சோறு குடிக்கலாம். போத்தலில் போட்டு வைக்க நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் நல்லது, ஆனால் அதற்கு அடுப்பு வேண்டும். நான் அண்ணாவின் காஸில் பொரித்துக்கொள்வேன், பதிலுக்கு அவருக்கும் சேர்த்துச் சோறு என் குக்கரில். மூன்று நாலு பேர் ஒரே வீட்டில் என்றால் ஆளுக்கொரு குக்கரும் பொதுவாக ஒரு காஸும் என்பதுதான் என் யோசனை, வீட்டுக்காரர் வெளியே ஒரு மூலை தந்தால்.

விற்கிற விலை என்று பார்த்தால் காஸ் முந்தும். வெறும் சிலிண்டருக்கும் எப்போதும் ஒரு விலை உண்டு. பழைய குக்கரை ஜூனியருக்குச் சும்மா கொடுக்கிற மாதிரித்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிற பக்கத்தில் இருந்தால் இது உங்களுக்கு லாபம். சட்டியைத் தூக்கி அடித்தட்டைப் பாருங்கள். அது நெளிந்திருக்கக் கூடாது. சட்டியின் உட்பூச்சு கரண்டி கீறி உரிந்திருந்தால் வேண்டாம். வாங்கிய பிறகு மரக்கரண்டி, சட்டியின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு வைப்பது, இவ்வளவும் போதும். அடித்தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தாலே சட்டி சரிவாக உட்காரும், ஒரு பக்கம் கருகி மறுபக்கம் அரிசியாக இருக்கும்.

இண்டக்ஷன் அடுப்பும் நல்லது என்கிறார்கள். நண்பன் அறையில் தேத்தண்ணீர் வைத்ததோடு என் அனுபவம் சரி. 2000 வாட் வரை இழுக்கும், காந்தம் ஒட்டுகிற தட்டையான சட்டி வேண்டும், மண்சட்டி ஆகாது. பழைய வீடுகளில் உள்ள சின்ன 5 அம்பியர் பிளக்கில் அதை மாட்டவே வேண்டாம்.