டெக்சாஸ் சார்ட்டர் ஸ்கூலில் இரண்டு வருடம்: 5க்கு மூன்றரை

நியூ ஜெர்சியில் இருந்தபோதும் மகள் சார்ட்டர் ஸ்கூல்தான், அதாவது அரசு அனுமதியோடு (அதுதான் சார்ட்டர்) தனி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளி. அதனால் டெக்சாஸ் வந்ததும் "அங்கேயும் சார்ட்டர், இங்கேயும் சார்ட்டர், என்ன பெரிய வித்தியாசம்" என்று விண்ணப்பம் போட்டோம். டெக்சாஸ் சட்டம் 1995இல் வந்தது, நியூ ஜெர்சி சட்டத்தின் பெயரிலும் 1995தான், ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி. பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை, நான் திட்டித் தீர்த்ததில் பாதி அவர்கள் தப்பே இல்லை, மாநிலச் சட்டம் அப்படி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுப் பணத்தில் நடப்பதால் கட்டணம் கிடையாது, கேட்கவும் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல், அந்த லாட்டரியில் எங்களுக்கு வெயிட்லிஸ்ட் 47, சரி போ என்று மறந்தே போனபோது ஜூலை கடைசியில் இடம் இருக்கிறது என்று மெயில் வந்தது. கணக்கு டீச்சர் தங்கம். பின்னம் என்றாலே கண்ணைக் கசக்கியவள் இப்போது தம்பியை உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறாள், அவன் இன்னும் எண்ணவே சரியாகப் பழகவில்லை.

அப்புறம் பேருந்து. நியூ ஜெர்சியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வீடு 2 மைலுக்கு மேல் என்றால் போக்குவரத்து பள்ளி மாவட்டத்தின் (அந்த ஊரின் வழக்கமான அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பொறுப்பு, சார்ட்டர் பிள்ளைக்கும் அதே கணக்குதான். இங்கே சட்டம் கேட்பது மாவட்டப் பள்ளிக்கு எவ்வளவு கட்டாயமோ அவ்வளவு. சிறப்புக் கல்விப் பிள்ளைகளை விட்டால் மாவட்டப் பள்ளிக்கே அது கட்டாயமில்லை, ஆக எங்களுக்குப் பேருந்தும் இல்லை. 3:10க்கு விடும் பள்ளிக்கு 2:30க்கே கார் வரிசை தெருமுனை தாண்டிவிடும், கண்ணாடியில் 214 என்ற அட்டையைத் தொங்கவிட்டு, ஆகஸ்ட் வெயிலில் ஏசியை நிறுத்தவும் முடியாமல், மீட்டிங்கில் மியூட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நட்சத்திரம் அங்கேயே போனது.

சேர்ந்த மாதமே ஆசிரியர்களின் தகுதி என்ன என்று ஒரு கடிதம் வந்தது. பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிப்பது இங்கே கட்டாயம், ஏனென்றால் சார்ட்டர் ஆசிரியருக்குப் பட்டம் இருந்தால் போதும். சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி மாதிரி சிலதுக்குத்தான் மாநிலச் சான்றிதழ் கேட்பார்கள். படித்ததும் பக்கென்றது. யாருக்குச் சான்றிதழ் இல்லை என்று பார்த்தால், முதல் பெயரே நம் கணக்கு டீச்சர்! இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது வகுப்பில் 28 பிள்ளைகள் என்றபோதுதான். டெக்சாஸில் நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்புக்கு 22 பேர் என்று வரம்பு இருக்கிறதே என்று பள்ளியை நிர்வகிக்கும் போர்டின் கூட்டத்துக்கே போனேன். கூட்டம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற சட்டம் சார்ட்டருக்கும் உண்டு, அதனால் யாரும் தடுக்கவில்லை. கேன்டீனில் மடக்கு நாற்காலி, மேசையில் ஒரு டைமர், பேச 3 நிமிடம். நான் முடித்ததும் நிர்வாகி ரொம்ப மரியாதையாக, அந்த வரம்பு மாவட்டப் பள்ளிகளுக்கு, எங்களுக்கு விலக்கு என்றார். வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் பார்த்தேன், மனிதர் சொன்னது சரிதான். மாவட்டப் பள்ளி என்றால் அடுத்த தேர்தலில் போர்டு ஆட்களை மாற்றி ஓட்டுப் போடலாம், இங்கே நாம் ஓட்டுப் போட ஆளே இல்லை, எல்லாரும் நியமனம். பிடிக்கவில்லையா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, அவ்வளவுதான் நம் கையில்.

விண்ணப்பத்தில் இன்னொன்றும் உறுத்தியது, பிள்ளைமேல் முன்பு ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்ற கேள்வி. கடுமையான ஒழுங்குப் பிரச்சினை பதிவில் இருந்தால் சேர்க்காமல் விட இங்கே சட்டம் இடம் தருகிறது. எங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் லாட்டரி என்றால் எல்லாருக்கும் ஒரே சீட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சட்டத்தில் ஒரு பல்லும் இருக்கிறது: தொடர்ந்து மூன்று வருடம் மாநில மதிப்பீட்டில் தேறாவிட்டால் சார்ட்டரே ரத்து. எங்கள் பள்ளி அந்தப் பக்கம் இல்லை. சேர்ப்பதாக இருந்தால் பளபள பேம்ப்ளெட்டை விட்டுவிட்டு வகுப்பில் எத்தனை பேர், பேருந்து உண்டா என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சின்னவனுக்கும் விண்ணப்பம் போட்டாச்சு, கணக்கு டீச்சர் அதுவரை அங்கேயே இருக்க வேண்டும்.