செக்ரெட்டின், சிசிகே: ஒரே கணையம், இரண்டு வழி

அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும் குடற்சுவர் இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அமிலத்தைக் கண்டால் செக்ரெட்டின். கொழுப்பையும் புரதத்தையும் கண்டால் கோலிசிஸ்டோகைனின், சுருக்கமாக சிசிகே. இரண்டும் கணையத்தைத்தான் ஏவுகின்றன. பாடநூல்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி அம்புக்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடும். செல்லுக்குள் நடப்பதோ முற்றிலும் வேறு.

முதலில் சிசிகே, கவர்ச்சி இதற்குத்தான் அதிகம். கணையத்தில் நொதி சுரக்கும் செல்களின் ஏற்பியில், அதாவது ஹார்மோனை உணரும் புரதத்தில், அது பொருந்தியதும், செய்தியை உள்ளே கடத்தும் ஜிக்யூ புரதம் பாஸ்போலிபேஸ் சி நொதியை முடுக்குகிறது. அந்த நொதி செல்சவ்வின் கொழுப்பு ஒன்றை வெட்டுகிறது; வெட்டுத்துண்டுகளில் ஒன்றான ஐபி3, செல்லுக்குள் சேமித்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. ஐபி3 இந்த வேலையைச் செய்வது 1983-ல் முதன்முதலில் தெரியவந்ததே கணையச் செல்களில்தான். சிசிகே அளவாக இருந்தால் கால்சியம் விட்டுவிட்டு எழுந்து அடங்கும். நொதிமணிகள், அதாவது செரிமான நொதிகளை அடைத்துவைத்த நுண்பைகள், ஒழுங்காக வெளியேறும். அளவு மீறினால் கால்சியம் ஏறியபடியே நிற்கும். செரிமான நொதிகள் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். தவளைத் தோலில் கிடைக்கும், சிசிகேயை ஒத்த செருலீனை மிகையாகச் செலுத்தி ஆய்வகத்தில் எலிகளுக்குக் கணைய அழற்சி உண்டாக்குவது இப்படித்தான். மனிதரில் சிசிகேயின் ஏவலில் பெரும்பங்கு, மூளையை வயிற்று உறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகப் போகிறது என்று பலர் கருதுகிறார்கள். அந்த நரம்பு விடும் அசிட்டைல்கோலினும் செல்லுக்குள் இதே கால்சியப் பாதையைத்தான் பிடிக்கிறது.

செக்ரெட்டின் 1902-ல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்தது. அது நாடுவது கணைய நாளத்துச் செல்களை. ஜிக்யூ போலவே செய்தி கடத்தும் ஜிஎஸ் புரதம், செல்லுக்குள் தூதாக ஓடும் சைக்ளிக் ஏஎம்பி, அது முடுக்கும் புரோட்டீன் கைனேஸ் ஏ நொதி என்று படிப்படியாகப் போய், செல்சவ்வில் உள்ள சிஎஃப்டிஆர் என்ற வாயிலைத் திறக்கிறது. பைகார்பனேட் நிறைந்த நீர் பெருகி அமிலத்தைச் சமன்படுத்துகிறது. இந்தப் பாதையும் சாது அல்ல: குடற்செல்லில் காலரா நச்சு ஜிஎஸ் புரதத்தை அணையவிடாமல் பூட்டிவிட்டால், அதே வாயில் வழியே உடலின் நீர் கொட்டித் தீர்ந்துவிடும்.

இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் என் வாக்கு செக்ரெட்டினுக்கே. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் சிஎஃப்டிஆர் பழுது; செக்ரெட்டின் எவ்வளவு தட்டினாலும் வாயில் சரியாகத் திறப்பதில்லை. நொதி உற்பத்தியில் பிறவிக் குறை ஏதும் இல்லை. ஆனால் அடித்துச் செல்ல நீர் இல்லாமல் நாளங்கள் அடைத்து, பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே கணையம் சிதைந்துவிடுகிறது.